முகிலடி மலை: நாவலுக்காக ஒரு மலை கட்டுகிறேன், ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்

கொத்மலையான்:

வணக்கம். மாய நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை முழுவதும் ஒரே மலையில் நடக்கிறது. மலையின் பெயர் முகிலடி. நம் மலையகத்தின் நடுவே, எந்த வரைபடத்திலும் இல்லாத ஓரிடத்தில் நிற்கிறது. முன்னுரையையும் நான் வரைந்த மலைப்படத்தையும் இணைத்திருக்கிறேன். இதுவரை எழுதி வைத்திருப்பதன் சுருக்கம் இது:

உயரம் 3,100 மீற்றர். பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான் என்பதால், முகிலடி அதையும் குனிந்து பார்க்கும். உச்சியில் ஆண்டு முழுவதும் பனி. அதன் கீழே நூறு மீற்றர் உயர மரங்கள் அடர்ந்த காடு. காட்டில் யாளிகள் கூட்டம் கூட்டமாக மேயும். உச்சிக்குச் சற்றுக் கீழே முகிலர் என்றோர் இனம். முந்நூறு ஆண்டுகளாக அவர்கள் கீழே இறங்கியதே இல்லை. மலையின் வயிற்றில் தீக்குழம்பு, அதை ஒட்டி நீலக்கல் சுரங்கம். அடிவாரத்தில் தேயிலைத் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள். கதாநாயகி கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகள். அவள் மேலே ஏறுகிறாள்.

தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

பாறைப்பித்தன்:

தாட்சண்யம் வேண்டாம் என்றீர்கள், பனியிலிருந்தே தொடங்குகிறேன். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரைப் பாகை குறையும். கணக்குப் போட்டால் உங்கள் உச்சிக்கு 8 பாகை வருகிறது. அதில் பனி நிற்காது. நம் அகலக்கோட்டில் நிரந்தரப் பனி வேண்டுமானால் மலை 5,000 மீற்றரை நெருங்க வேண்டும். அதற்குப் பதிலாக, ஹோர்டன் சமவெளியில் தை, மாசி விடியலில் விழும் உறைபனியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் வானம் தெளிந்திருந்தால் பள்ளங்களில் குளிர் தேங்கும். காலையில் புல்லெல்லாம் வெள்ளை; வெயில் ஏறியபின் பார்த்தால் நுனி கருகிக் கிடக்கும். தேயிலைத் துளிருக்கும் அதே கதிதான். பயமுறுத்த அது போதும்.

தீக்குழம்பையும் எடுத்துவிடுங்கள். இலங்கையில் எரிமலை இல்லை. நம் மலைகள் நிலத்தின் ஆழத்தில் வெந்து, அமுங்கி, உருமாறிய பாறைகள். 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அந்த வேலை முடிந்துவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் அரிப்பு. அதனால்தான் நாடு படிப்படியாக ஏறுகிறது: கரையோரத் தாழ்நிலம், நடுப்படி, மேற்படி. ஒரு படி முடிந்து அடுத்தது இறங்கும் விளிம்பில் அருவிகள் விழுகின்றன. பம்பரகந்த 263 மீற்றர், தியலும 220 மீற்றர். ஹோர்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்னும் விளிம்பில் நின்றால் காலடியில் 870 மீற்றருக்கு வெறும் காற்று. முகிலடிக்கும் அப்படி ஒரு விளிம்பு வையுங்கள், தீக்குழம்பு நினைவுக்கே வராது.

நீலக்கல் விஷயமும் இருக்கிறது. மலையைக் குடைந்து கல் எடுப்பது வேறு நாட்டுக் கதை. இரத்தினபுரியில் வயலில் குழி வெட்டி, அடியிலுள்ள ஆற்றுச் சரளையை அள்ளிக் கழுவித்தான் கல் தேடுகிறார்கள். மேலே பாறை சிதைகிறது, மழை அரிக்கிறது, ஆறு உருட்டிக் கொண்டுபோய்க் கீழே சேர்க்கிறது. ஆகவே முகிலர்களிடம் நீலக்கல் இருக்காது. அடிவாரத்தில் குழி வைத்திருப்பவனிடம் இருக்கும்.

கதைமட்டும்:

மாய நாவல் எழுதுகிறேன் என்று வந்தவருக்கு உயர்தரப் பரீட்சைப் புவியியல் பாடம் நடத்துகிறீர்கள். பனி வேண்டுமென்றால் பனி இருக்கட்டும். யாளியை ஏற்றுக்கொள்ளும் வாசகர் வெப்பமானியை எடுத்துக்கொண்டா வருவார்?

பாறைப்பித்தன்:

வருவார். ஏனென்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். சிவனொளிபாதமலையில் சூரியன் எழும்போது மலையின் நிழல் மேற்கே மூடுபனியின்மீது முக்கோணமாக விழும். படியேறிப் போன எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பலர் அதை அந்த மலைக்கு மட்டுமே உரிய அதிசயம் என்கிறார்கள். உண்மையில், உச்சியில் நின்று பார்ப்பவருக்கு எந்த மலையின் நிழலும் முக்கோணமாகத்தான் தெரியும். நிழலின் இரு ஓரங்களும் தொலைவில் குவிவதால் வரும் தோற்றம் அது. இப்போது முகிலடிக்கு வருவோம். எல்லா மலைக்கும் முக்கோண நிழல், முகிலடியின் நிழல் மட்டும் ஒரு நாள் விடியலில் முக்கோணமாக விழவில்லை. கதாநாயகி அதைப் பார்க்கிறாள். மாயம் அங்கே தொடங்குகிறது. விதி இன்னதென்று சொல்லாத மலையில் விதி மீறினால் யாருக்குத் தெரியும்?

கதைமட்டும்:

நிழல் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பனியை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஊவாப்பக்கம்:

பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். உயரம் சொன்னீர்கள், காடு சொன்னீர்கள். மலைக்கு எத்தனை பக்கம் என்று சொல்லவில்லையே. நம் ஊரில் மலை என்றால் இரண்டு பக்கம். இரண்டும் வெவ்வேறு நாடு.

பட்டிப்பொல நிலையம் 1,891 மீற்றரில் இருக்கிறது, நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம். ஆனி மாதத்தில் அந்த ரயிலில் வந்து பாருங்கள். நானுஓயாவிலிருந்து கண்ணாடியெல்லாம் நீர் கோத்திருக்கும், எதிரே இருக்கும் குன்று தெரியாது, எல்லோரும் ஜன்னலை இறக்கிவிட்டுச் சுருண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுரங்கத்துக்குள் போகும்போது பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். ஒஹிய பக்கம் வெளியே வந்தால் கண் கூசும் வெயில். வடைக்காரர் முதலில் ஜன்னலைத் தூக்குவார்.

வைகாசி முதல் தென்மேற்குப் பருவக்காற்று வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையைத் தாண்டி எங்களிடம் வருகிறது. வருவது காய்ந்த காற்று. கூரைத் தகரத்தின்மேல் கல் ஏற்றி வைக்க வேண்டும். அந்தக் காய்ச்சலில்தான் ஊவாத் தேயிலைக்கு ஆடி, ஆவணியில் தனி மணம் ஏறுகிறது. மார்கழி, தையில் முறை மாறும். வடகீழ்ப் பருவக்காற்று எங்களை நனைக்கும், மேற்குப் பக்கம் வெளுக்கும்.

ஆகவே முகிலடிக்கு இரண்டு பக்கத்து மனிதர்கள் வேண்டும். ஒரு பக்கத்தார் திருவிழா எடுக்கும் மாதத்தில் மறுபக்கத்தார் வெளியே தலை காட்ட முடியாது. ஒருவர் மழையை நிறுத்தச் சொல்லி வேண்டும்போது மற்றவர் மழை கேட்டு வேண்டுவார். சாமி ஒன்றுதான். பகை வர வேறு காரணம் தேவையா?

ஓணான்:

காடும் உயிர்களும் என் பக்கம். காட்டுக்குள் கேமராவோடு அலைபவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூறு மீற்றர் மரத்தை உச்சியில் வைக்காதீர்கள். சிவனொளிபாதக் காட்டின் கீழ்ச்சரிவில் உயர்ந்த மரங்கள் உண்டு. மேலே போகப் போக மரம் குட்டையாகும். 2,000 மீற்றருக்கு மேல் பத்து மீற்றரைத் தாண்டும் மரமே குறைவு. காற்று அடித்து அடித்துக் கிளைகள் முறுக்கிக்கொண்டு, உச்சி தட்டையாக, குடை விரித்ததுபோல் நிற்கும். இலை சிறியது, தடித்தது. தண்டு முழுவதும் பாசி. கிளையிலிருந்து நரைத்த தாடியாகப் பாசிக்காளான் தொங்கும். மழை இல்லாத நாளிலும் அந்தக் காட்டில் சொட்டுச் சத்தம் கேட்கும். மூடுபனி நுழைந்து, பாசியிலும் இலையிலும் ஒட்டி, நீராகி இறங்குகிறது. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் மூலநீர் இப்படிப்பட்ட மேட்டுக்காடுகளில் சேருகிறது. முகிலடியின் பெயருக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

காட்டுக்கு நடுவே புல்வெளி வையுங்கள். அதில் தனித்தனியாகக் கோணல் மரங்கள், சிவப்புக் கொத்துப் பூக்களோடு. சிங்களத்தில் மஹ ரத்மல் என்பார்கள். காட்டின் அடியில் நெலு என்ற செடி. அது ஆண்டுதோறும் பூப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டு அளவில் ஒருமுறை மலைச்சரிவு முழுவதும் சேர்ந்து பூத்து, விதைத்து, செடி கூண்டோடு மடிந்துபோகும். பூக்கும்போது தேனீக்கள் குவியும், விதை உதிரும்போது காட்டுக்கோழிகள் குவியும். அந்த விதையைத் தின்ற கோழி போதையில் தள்ளாடும் என்று சொல்வார்கள். உங்கள் கதைக்கு நாட்காட்டி வேண்டுமானால் நெலுவே நாட்காட்டி. முகிலர் வயதைப் பூப்பால் எண்ணட்டும். ‘நான் நான்கு பூப்புக் கண்டவன்’ என்று ஒரு கிழவர் சொன்னால் போதும்.

இனி யாளி. கூட்டமாக மேயும் பெரிய விலங்குக்கு அந்தக் குட்டைக்காட்டில் தீனி காணாது. புல்வெளியில் மாலை நேரம் மரை மான்கள் கூட்டமாக வரும். அவற்றைப் பின்தொடர்ந்து சிறுத்தை வரும். சிறுத்தைதான் அங்கே ராஜா. ஒரு காலத்தில் மேட்டுக்காடுகளில் யானையும் இருந்தது, வேட்டைக்காரர்கள் விடவில்லை. பதுளையில் இருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் 1,400 யானைக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இதை நாவலில் எழுதினால் மிகை என்பார்கள்.

உயரே போகப் போக அதிசயம் சிறிதாகிவிடும், அதுதான் நம் மலையின் போக்கு. பாசி படிந்த தண்டில் விரலளவு ஓணான் ஒன்று, மூக்கின்மேல் ஒற்றைக் கொம்பு. அவசரமே தெரியாத பிராணி. பத்து நிமிடம் பார்த்தாலும் கண்ணைத் தவிர எதுவும் அசையாது. நக்கிள்ஸ் மலைக்குப் போனால் அதன் உறவுக்காரன் இருக்கிறான், மூக்கில் கொம்புக்குப் பதிலாக இலை வடிவம். இடையில் மகாவலிப் பள்ளத்தாக்கு. இந்தக் குளிர்ப்பிராணி அந்த வெக்கையில் இறங்கிக் கடக்காது. முட்டையிடாமல் குட்டி போடும் ஓணானும் மேட்டுக்காட்டில் உண்டு. தலைப்பிரட்டைப் பருவமே இல்லாத தவளைகள் உண்டு, முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும். மலைத் தேவாங்கு 1937இல் கண்டறியப்பட்டது. பிறகு அழிந்தே போயிற்று என்று நினைத்திருந்தார்கள். அதன் புகைப்படம் 2010இல்தான் வெளியே வந்தது. யாளிக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எது? ஒன்றே ஒன்று வையுங்கள், எழுபது ஆண்டு யாரும் காணாத ஒன்று.

அட்டையை மறந்துவிடாதீர்கள். அட்டை இல்லாத மலைக்காட்டை எழுதினால் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவேன்.

கொத்மலையான்:

எல்லோருக்கும் நன்றி. நெலு நாட்காட்டியையும் நிழலையும் இரு பக்கங்களையும் எடுத்துக்கொண்டேன். உயரத்தை மட்டும் குறைக்க மாட்டேன், 3,100 எனக்கு வேண்டும். பனி போய் உறைபனி வரட்டும். முகிலரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

மேட்டுலயம்:

அதற்காகத்தான் காத்திருந்தேன், தம்பி. நான் தோட்டத்தில் பிறந்தவள், தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். முந்நூறு ஆண்டு கீழே இறங்காத உங்கள் முகிலர் உப்புக்கு என்ன செய்தார்கள்?

கேலிக்குக் கேட்கவில்லை. கண்டி இராச்சியம் 1815 வரை மலைகளுக்குள் நின்றுபிடித்தது. அப்படிப்பட்ட இராச்சியத்துக்கே உப்பும் கருவாடும் கரையிலிருந்து பொதிமாட்டின் முதுகில்தான் வந்தன. கரையைப் பிடித்தவர்கள் உப்பை மறித்தே கழுத்தை நெரிக்கப் பார்த்தார்கள். மேலே பாறைப்பித்தன் சொன்னதையும் ஓணான் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள்: தண்ணீர் இறங்குகிறது, மண் இறங்குகிறது, நீலக்கல் இறங்குகிறது. இக்காலத்தில் கொழுந்தும் இறங்குகிறது. மேலே ஏறுவது என்ன? அரிசி மூட்டை, உப்பு, மண்ணெண்ணெய், தகரம். அவை தாமாக ஏறுவதில்லை. யாரோ ஒருவரின் தலையில் ஏறுகின்றன. முகிலர் உச்சியில் இருந்தால் அவர்களுக்குச் சுமந்து கொடுத்தவர்கள் யார்? நாவல் அவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று. ‘யாருமற்ற மலை’ என்று உங்கள் முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். காப்பிக் காலத்தில் எங்கள் பாட்டன் பூட்டன் மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. வந்து சேர்ந்தவர்கள் காட்டை வெட்டினார்கள், காப்பி நட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பியை அழித்தது, பிறகு தேயிலை. இந்த மலைகளில் ஒவ்வோர் அடி மண்ணையும் ஒருவர் கையால் தொட்டிருக்கிறார். 1948இல் அவர்களைக் குடிகள் அல்ல என்று சட்டம் சொன்னபோதும் மறுநாள் காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போய் நின்றார்கள்.

உங்கள் மலையில் சாமிகளையும் காணோம். எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் சாமி உண்டு. மாரியம்மன், முனியாண்டி, மதுரைவீரன் எல்லாம் பாட்டன் பூட்டனோடு கூட வந்த சாமிகள். இங்கேயே பிறந்த சாமிகளும் இருக்கிறார்கள். தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதற்கு முன் கும்பிட கவ்வாத்துச்சாமி. மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான் கோயில். இயந்திரத்துக்குக் காவல்தெய்வம் படைத்த மக்களை விட்டுவிட்டு, மேலே வெள்ளையுடை உடுத்திய முகிலரை எதற்குத் தேடுகிறீர்கள்?

கதாநாயகியின் தாயைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். விடியலில் இடுப்பில் படங்கு என்ற தடித்த துணியைச் சுற்றிக் கட்டுவாள். காலில் சவர்க்காரத்தை நீர் படாமல் தேய்ப்பாள், அட்டைக்காக. கூடைக் கயிற்றை நெற்றிக்கு மேலே போட்டு, கயிற்றுக்கும் தலைக்கும் நடுவே மடித்த துணி ஒன்று வைப்பாள். அந்த இடத்தில் முடி தேய்ந்திருக்கும். இதை எழுதிவிட்டு அப்புறம் யாளியை எழுதுங்கள்.

கதைமட்டும்:

டீச்சர், மன்னிக்க வேண்டும். தோட்டத்தைப் பற்றி எழுதினால் துயரம்தான் எழுத வேண்டும் என்று எங்களை நாங்களே ஒரு லயத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். எங்கள் பிள்ளைக்கும் யாளிமேல் ஏற ஆசை இருக்காதா?

மேட்டுலயம்:

தாராளமாக ஏறட்டும். காமன் கூத்தில் மன்மதன் எரிந்து சாம்பலாகி மறுபடி எழும்புவதை லயத்து வாசலில் விடிய விடியப் பார்த்து வளர்ந்தவள் நான், மாயம் எனக்குப் பகை அல்ல. ஏறும் பிள்ளையின் காலில் செருப்பு இருக்கிறதா என்று கேட்கிறேன்.

கொத்மலையான்:

சுமப்பவர்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. முகிலர் இருப்பார்கள், ஆனால் உப்புக்குக் கட்டுப்பட்டவர்களாக. உப்பு வழி கிழக்குச் சரிவில் ஏறும், அதைச் சுமக்கும் குடும்பங்களில் ஒன்று கதாநாயகியுடையது. யாளியையும் ஒன்றாக்கிவிட்டேன். அது நிலத்துக்கு அடியில் உறங்குகிறது. புரண்டு படுத்தால் மலை சரியும். நெலு பூத்து மடியும் ஆண்டில் அது புரளும்.

மேட்டுலயம்:

அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் காலை நேரத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. மண்சரிவை யாளியின் தலையில் கட்டிவிட்டால் வடிகால் வெட்டாதவர்களும், வீடு மாற்றிக் கொடுக்காதவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

பாறைப்பித்தன்:

டீச்சர் சொல்வதோடு இதையும் சேருங்கள். சரிவதற்கு முன் மலை அறிகுறி காட்டும். சுவரிலும் தரையிலும் வெடிப்பு ஓடும், மரமும் கம்பமும் சாயும், தெளிந்த ஊற்று திடீரென்று கலங்கும், இல்லாத இடத்தில் நீர் கசியும், அல்லது ஓடிய ஊற்று நின்றுபோகும். மழை நாளில் பீலித் தண்ணீர், அதாவது லயத்துக் குழாயில் விழும் ஊற்றுநீர், செம்மண்ணாக வந்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். கதையில் இதை யார் கவனிக்கிறார்கள் என்பது முக்கியம்.

கதைமட்டும்:

யாளி புரண்டது என்று தோட்டத்துக் காரியாலயம் சொல்லட்டுமே! துரைக்கு அந்தக் கதை வசதி. பீலிக்கரையில் குடம் பிடிக்கும் பெண்ணுக்கு உண்மை தெரியும். யாளி உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அன்று அது புரளவில்லை.

கொத்மலையான்:

இதை விட மாட்டேன். ஏழாம் அத்தியாயம் இப்போதே மாறுகிறது: பழி சுமத்தப்பட்ட யாளி. கதாநாயகி மேலே ஏறுவது அதைக் கொல்வதற்கு அல்ல, சாட்சிக்கு அழைக்க.

ஓணான்:

எழுபது ஆண்டு யாரும் காணாத பிராணியைச் சாட்சிக்கூண்டில் ஏற்றப் போகிறீர்களா? எனக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அட்டை உண்டுதானே?

மேட்டுலயம்:

நல்லது. அவள் வெடிப்பைக் கண்டு எழுதிக் கொடுத்த கடிதம் எந்த மேசையில் கிடந்தது என்பதையும் எழுதுங்கள். இன்னொரு கேள்வி: மேற்குச் சரிவில் பாலம் ஒன்று வரைந்திருக்கிறீர்கள், ஆனி வெள்ளத்தில் அது நிற்காது. அந்த மாதத்தில் பிரசவ வலி கண்டவளை எந்த வழியால் தூக்கிப் போவார்கள்?

கொத்மலையான்:

உப்பு வழியால்தான், அக்கா. ஏறும்போது மூட்டை, இறங்கும்போது கம்பளியில் கட்டிய தூளி. இரண்டையும் சுமப்பது ஒரே ஆட்கள். அட்டையும் உண்டு, ஓணான். திருத்திய வரைபடத்தை நாளை இரவு இங்கே ஏற்றுகிறேன்.

ஊவாப்பக்கம்:

கிழக்குச் சரிவில் தங்குமடம் போடும்போது வாசலைக் காற்றுக்கு எதிராக வைத்துவிடாதீர்கள். ஆடியில் கதவு நிற்காது.